திருகோணமலை: நகர் விரிவதற்கு யார் பணம்?

திருகோணமலையில் உவர்மலைமீது நின்று துறைமுகப் பக்கம் நோக்குபவர்க்கு, அங்கே கிடப்பது கடலா, மலைகள் சூழ்ந்த ஏரியா என்னும் ஐயம் ஒரு கணம் தோன்றும். 1630 ஹெக்டேயர் நீர்ப்பரப்பு. உள்ளே நுழையும் வாயிலோ ஏறக்குறைய 500 மீற்றர் அகலமே. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் யாவரும் இந்த நீருக்காகவே இங்கு வந்து மோதினர். இயற்கை தந்த இத்துறைக்கு ஒருவரும் விலை கொடுத்ததில்லை. ஆனால் துறையைச் சுற்றி ஒரு நகரம் எழும்போது, அதற்கு வேண்டிய வீதி, குழாய்நீர், வடிகால், மின்விளக்கு, பாடசாலை ஆகிய ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. அந்த விலையை யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது, அதைக் கொடுத்தபின் கூலியாளும் மீன்பிடிப்பவனும் அந்நகருக்குள்ளேயே குடியிருக்க இயலுமா என்பனவே இப்பேச்சின் பொருள்.

இக்காலத்தில் இவற்றையெல்லாம் சேர்த்து உட்கட்டமைப்பு என்று ஒரு பெயரால் அழைக்கின்றனர். பெயர் புதிது, பொருள் பழையது. வெறுங்காணி ஒன்றிற்குச் செம்மண் ஒழுங்கைதான் வழி என்றிருந்தவரை அதற்கு ஒரு விலை. அதே காணியின் முன்னே தார்வீதி போடப்பட்டு, குழாயில் நீரும் வந்துவிட்டால் அதற்கு வேறொரு விலை. இடையில் காணிக்காரர் செய்தது யாது? வேலியைக் கட்டி வைத்துக் காத்திருந்தார், அவ்வளவே. விலையை உயர்த்தியது பொதுப்பணம். உயர்ந்த விலை சேர்ந்தது தனியார் கைக்கு. நகரம் அமைப்போரின் கணக்கில் எல்லாச் சிக்கலும் இந்த ஓரிடத்திலிருந்தே கிளைக்கிறது எனலாம்.

திருகோணமலையின் வரலாறு இதில் சற்று விசித்திரமானது. இந்நகரின் பெரிய வேலைகள் நகர மக்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கட்டுதுறை அமைத்தது, இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் சீனக்குடாவின் காடுகளுக்குள் எண்ணெய்த் தாங்கிகளை வரிசை வரிசையாக எழுப்பியது, விமானத்தளம் இட்டது. 1927இல் புகையிரதப் பாதையும் வந்து சேர்ந்தது. கடற்படைக்கான செலவைச் சாம்ராச்சியத்தின் திறைசேரி ஏற்றது. ஆகவே உள்ளூர்ச் சபை அவ்வேலைகளுக்காக ஒரு சதமேனும் வரி விதிக்கவேண்டியிருக்கவில்லை. ஆனால் கட்டுதுறையில் உழைத்தவர்கள் எங்கே குடியிருந்தனர், அவர்கள் குடித்த கிணற்றுநீர் எத்தன்மைத்து என்பதைப் பற்றிக் கடற்படைத் தலைமை பெரிதும் கவலைகொண்டதாகத் தெரியவில்லை. வேலி ஒன்று இருந்தது. வேலிக்கு உள்ளே ஒரு நகரம், வெளியே இன்னொன்று.

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அத்தளம் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. பலர் வேலையிழந்தனர். ஆயினும் ஒரு பெருஞ்செல்வம் அரசுக்குக் கிட்டியது: அது காணி. துறைமுகத்தைச் சூழ்ந்த நிலத்தின் மிகப் பெரும்பகுதி தனியார் உறுதியில் அன்று, அரசின் பெயரிலேயே இன்றளவும் இருக்கிறது. 1984இல் அதிற் பெரும்பரப்பு துறைமுக அதிகார சபைக்கு உரித்தாக்கப்பட்டது. கொழும்பிலோ கண்டியிலோ ஒரு வீதியை அகலிப்பதாயின் முதலில் வளவுகாரர்களுக்கு நட்டஈடு கொடுத்தாகவேண்டும். திருகோணமலையில் அத்தொல்லை பெருமளவு இல்லை. இந்த வசதியை எந்த அளவுக்கு அறிவோடு பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு கேள்வி.

நகரத்துக்குப் பணம் வரும் வழிகளை இனிப் பார்ப்போம். முதலாவது வெளியிலிருந்து வருவது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரிலே திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளமானது. சவூதி அரேபிய அபிவிருத்தி நிதியத்தின் உதவியால் அமைந்தது. அதற்கு முன்னர் கிண்ணியா மக்கள் பிள்ளைப்பேற்றுக்கும் பிணத்துக்கும் தெப்பத்தையே நம்பியிருந்தனர். அத்தகைய பாலத்தை எந்த உள்ளூராட்சி மன்றமும் தன் வரிப்பணத்தாற் கட்டிவிட இயலாது. ஆனால் வெளியார் பணம் பாலம் கட்டுமே யொழிய, பாலத்தை அடுத்த ஒழுங்கையின் வடிகாலை ஆண்டுதோறும் துப்புரவு செய்யாது. திறப்பு விழாவுக்கு வருபவர் பலர். பராமரிப்புக்கு வருபவர் நகர மன்றத் தொழிலாளர் மாத்திரமே.

அத்தொழிலாளருக்கு வேண்டிய மண்வெட்டியும் வண்டியும் எந்தப் பணத்தில் வரும்? இங்கேதான் இரண்டாவது வழியாகிய சோலைவரி குறுக்கிடுகிறது. இன்று ஆதன வரி என்பர். வீட்டின் ஆண்டுப் பெறுமதியை விலைமதிப்புத் திணைக்களம் கணிக்கும். அதன்மேல் இத்தனை வீதம் என்று மன்றம் வரி அறவிடும். ஆண்டு முழுவதற்குமுரிய தொகையைச் சனவரி 31ஆம் திகதிக்குள் கட்டுவோருக்குப் பத்தில் ஒரு பங்கு கழிவும் உண்டு. கேட்பதற்கு நேர்த்தியான ஏற்பாடே. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கவேண்டிய மறுமதிப்பீடு பல மன்றங்களில் நெடுங்காலம் நடவாமற் கிடக்கிறது. அதனால் நேர்வது என்ன? பழைய ஓட்டு வீட்டுக்கும், அதன் அருகே புதிதாக எழுந்த விடுதிக்கும் இடையே விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. வரியிலோ அவ்வளவு வேறுபாடு இல்லை. நெடுநாளுக்குப் பின் ஒருநாள் மறுமதிப்பீடு வந்து சேருமாயின், அடி விழுவது பெரும்பாலும் ஓய்வூதியக்காரர் தலையிலும் விதவைகள் தலையிலுமே. அவர்களுடைய காணியின் மதிப்பு ஏறிற்று என்பது மெய். கையிலே காசு ஏறவில்லை.

இதிலே காலக் கணக்கும் ஒன்று உண்டு. குழாய் முதலிற் போடப்படவேண்டும். வரியோ குடிவந்த பின்னரே வரும். இடைப்பட்ட ஆண்டுகளுக்குக் கடன் வேண்டும். இதனை உணர்ந்தே 1916இல் உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியத்தை ஒரு கட்டளைச் சட்டத்தின் மூலம் ஏற்படுத்தினர். ஆனால் வரி ஒழுங்காக வராத மன்றம் கடனை எவ்வாறு திருப்பிக் கொடுக்கும்? கடன் வாங்கும் தகுதியுடைய மன்றங்கள் செழிப்பான நகரங்களில் இருக்கும். கடன் மிகத் தேவையான மன்றங்களோ மற்றைய இடங்களில் இருக்கும்.

நீரைப் பற்றி ஒரு வார்த்தை. கடலால் மூன்று பக்கம் சூழப்பெற்ற இந்நகரத்தின் குடிநீர், ஏறக்குறைய 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாய்க் குளத்திலிருந்து குழாய்வழி வருகிறது. பண்டைய அரசர் காலத்துக் குளம் அது. 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அதன் அணை உடைந்து ஊர்கள் அழிந்ததை மூத்தோர் மறந்திரார். நகரின் எல்லையில் புதிதாக நூறு வீடுகள் எழும்போது, அந்நூறு வீடுகளின் நீரும் கந்தளாயின் வயற்காரரோடு பங்கிட்டுக் கொள்ளப்படும் நீரே. ஆகவே புதுக்குடியிருப்பின் செலவு அதன் வாசலிலுள்ள குழாயோடு நின்றுவிடுவதில்லை. குளத்திலே, சுத்திகரிப்பு நிலையத்திலே, பெருங்குழாயிலே அதற்கும் ஒரு பங்கு உண்டு. மனை விற்பவர் இந்தப் பங்கைத் தம் விளம்பரத்தில் எழுதுவதில்லை.

அவரிடமிருந்து எதையும் கேட்பதில்லையா என்றால், ஓரளவு கேட்கிறார்கள். ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடுவோர் அதிற் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளிக்கு விடவேண்டும் என நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் கூறுகின்றன. பிள்ளைகள் விளையாட இடம் வேண்டுந்தான். ஆனால் அயலிலுள்ள தமிழ்நாட்டு விதியோ, அதே அளவுக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் ஏழையர் மனைகளுக்கென்றும் பத்தில் ஒரு பங்கைக் கேட்கிறது. விளையாட்டிடம் கேட்ட நம்மவர் குடியிருக்குமிடத்தைக் கேட்காமல் விட்டது ஏன் என்பது சிந்திக்கத் தக்கது.

தமிழ்நாட்டைக் குறிப்பிட்டமையால், சென்னையில் 1977இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய ஒரு முயற்சியைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகியன அந்நாளில் நகரின் ஓரத்துப் புறம்போக்கும் வயலுமாய்க் கிடந்த இடங்கள். குடிசைவாசிகளுக்கு அரசே மாடிவீடு கட்டிக் கொடுப்பதாயின் எத்தனை ஆண்டானாலும் முடியாது, பணமும் போதாது. ஆகவே வீட்டை விட்டுவிட்டு மனையை மாத்திரம் கொடுப்பது என்று தீர்மானித்தனர். மிகச் சிறிய மனை 40 சதுர மீற்றர் அளவு. வீதி, குழாய்நீர், கழிவுநீர்க் குழாய், மலசலகூடம் ஆகியவற்றை அரசு அமைத்துக் கொடுக்கும். மேலே ஓலையோ ஓடோ அவரவர் கைக்கேற்றபடி. விலையை நீண்டகாலத் தவணையிற் கட்டலாம்.

இதிலே பாராட்டத்தக்கது பணத்தை உண்டாக்கிய முறை. எல்லா மனையும் ஏழையர்க்கே என்று வைக்கவில்லை. பிரதான வீதியை நோக்கிய பெரிய மனைகளையும் கடைமனைகளையும் சந்தை விலைக்கு விற்றனர். அதில் வந்த மிகுதியைக் கொண்டு சிறுமனையின் விலையைக் குறைத்தனர். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 மனைகள், ஒன்றைச் சீர்செய்ய 10 இலட்சம் ரூபா, மொத்தச் செலவு 10 கோடி. 70 மனைகளை ஏழையருக்கு 5 இலட்சம் வீதம் கொடுத்தால் வருவது மூன்றரைக் கோடி. மீதி ஆறரைக் கோடியை 30 மனைகளிலிருந்து எடுக்கவேண்டும். ஒன்றுக்கு ஏறத்தாழ 22 இலட்சம். வீதியும் நீரும் வந்துவிட்ட இடத்திலே கடைமனைக்கு அவ்விலை கொடுக்க வணிகர் தயங்கார். திறைசேரியிடம் கையேந்தாமலே கணக்குச் சரியாகிவிடுகிறது. ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலிலே வீதியைப் போட்டு, பின்னர் விற்கவேண்டும். வெறுங்காணியாகவே மொத்தமாக ஒருவருக்கு விற்றுவிட்டுப் பிறகு பொதுப்பணத்தில் வீதி போட்டால், அந்த 22 இலட்சத்தில் உள்ள இலாபம் முழுவதும் அவர் பெட்டிக்குள்ளே போய்விடும்.

சென்னை முறையிலும் குறை இல்லாமலில்லை. தொடக்கத்தில் மனைகள் பல வெறுமையாகவே கிடந்தன. திட்டம் தோற்றது என்றும் எழுதினர். ஆண்டுகள் சென்றபின் அப்பகுதிகள் நிறைந்து, பலதரப்பட்டவர் அடுத்தடுத்து வாழும் இடங்களாயின. ஆனால் சிறுமனை பெற்ற ஏழை, விலை ஏறியதும் அதை வசதியுள்ளவருக்கு விற்றுவிட்டு வேறிடம் போய்விடுவதைத் தடுப்பதெப்படி? அவருக்கு அது இலாபம். நகருக்கோ, ஏழைக்கென ஒதுக்கிய இடம் ஒன்று குறைந்துவிட்டது.

இலங்கைச் சட்டம் இதற்கு எதிர்முனையிலே நிற்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தவுடன் விற்க முடியாது. ஆகவே காணி குடும்பத்தை விட்டுப் போவதில்லை. ஆனால் அதே காரணத்தால் வங்கியும் அதனை ஈடாக ஏற்கத் தயங்கும். வீடு கட்டக் கடன் கிடைக்காது. போர் முடிந்தபின் இந்திய அரசின் உதவியோடு வடக்கிலும் கிழக்கிலும் நடந்த வீடமைப்புத் திட்டத்தில், ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. பெற்றவர் பலர் நன்றாகவே கட்டினர். ஆயினும் பொருள் விலை ஏறியதால் நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் கூரை போட்டவர்கள் உளர். காணிக்குப் பத்திரமே இல்லாதவர் அந்த வரிசையில் நிற்பதே அரிதாயிற்று.

கொழும்பிலே வேறொரு வழி முயலப்பட்டது. நகரின் நடுவே விலையுயர்ந்த காணியில் நெருங்கி வாழ்ந்த சேரிமக்களை மாடிவீடுகளுக்கு மாற்றி, அவ்வாறு விடுபடும் காணியை விற்று வீட்டுச் செலவை ஈடுசெய்வது என்பதே அந்த எண்ணம். 2001இல் பேஸ்லைன் வீதியருகே எழுந்த சகஸ்புர என்னும் 14 மாடிக் கட்டடம் 671 வீடுகளைக் கொண்டது. பின்னர் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகர அபிவிருத்தி அதிகார சபை இதே எண்ணத்தைப் பெருமளவிலே மேற்கொண்டது. கணக்குப் புத்தகத்தில் இது அழகாகவே அமைகிறது. வாழ்வோருக்கோ மின்தூக்கியின் பராமரிப்பு, மாதக் கட்டணம், வாசலிலே கடை வைத்துப் பிழைத்தவனின் பிழைப்பு என்று நூறு கவலைகள்.

திருகோணமலையில் இது சற்றும் பொருந்தாது. திருக்கடலூரிலோ வீரநகரிலோ வாழும் மீனவருக்கு வீடு என்பது வலையும் படகும் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கவேண்டிய ஒன்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று விதித்தனர். பின் அதைத் தளர்த்தினர். பாதுகாப்பைக் கருதிய விதி அது, தவறென்று சொல்வதற்கில்லை. ஆனால் உள்நாட்டிலே கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து விடியற்காலம் மூன்று மணிக்குக் கரைக்கு வர முச்சக்கரவண்டிக் கூலி யார் கொடுப்பார் என்பதையும் விதியெழுதியவர் கணக்கிற் சேர்த்திருக்கவேண்டும். மலிவான வீடு என்பது வேலைக்குப் போகும் செலவையும் சேர்த்த பின்னரே மலிவானது.

அப்படியானால் இவ்வூருக்கு எது பொருந்தும்? அரசுக்குச் சொந்தமான காணி ஏராளமாக இருக்கும் ஊருக்கு, காணியை விற்பதைவிடக் குத்தகைக்கு விடுவதே மேல். விற்றால் ஒருமுறை பணம். குத்தகையாயின் ஆண்டுதோறும் பணம். அதுவும், நிலவாடகையைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை திருத்தலாம் என்று பத்திரத்தில் எழுதி வைத்தால், விலையேற்றத்தின் பங்கு பொதுமக்களுக்கே திரும்பி வரும். இங்கிலாந்திலே எபனேசர் ஹவார்ட் என்பவர் 1903இல் லெச்வேர்த் என்னும் பூங்கா நகரத்தைத் தொடங்கியபோது அதன் அடிப்படை எண்ணம் இதுவே. நிலம் நகரத்தின் பொதுச்சொத்து. குடியிருப்போர் கொடுக்கும் நில வாடகையே நகரின் வீதிக்கும் பூங்காவுக்கும் முதல். அந்நகரின் நிலத்திற் பெரும்பகுதியை இன்றும் ஓர் அறநிலையம் பரிபாலிக்கிறது. இதே இங்கிலாந்து 1947இல், காணியின் விலையேற்றம் முழுவதையும் கட்டணமாகவே எடுத்துவிடுவோம் என்று சட்டம் செய்து பார்த்தது. காணிக்காரர் விற்க மறுத்து உட்கார்ந்துவிட்டனர். சில ஆண்டுகளிலேயே அச்சட்டப்பகுதி கைவிடப்பட்டது. முழுவதையும் பறிக்க முயன்றால் ஒன்றும் கிடைப்பதில்லை. நிலமே அரசின் கையிலிருந்தால் அந்தப் போராட்டமும் இல்லை.

ஆனால் அரசின் காணி என்பதாலேயே அது ஆளற்ற காணி ஆகிவிடாது. சம்பூரில் 2006இற் போரினால் துரத்தப்பட்ட மக்கள் திரும்பி வருவதற்குள், 2012இல் அவர்களுடைய 818 ஏக்கர் நிலம் முதலீட்டு வலயம் என்று அறிவிக்கப்பட்டது. 2015இலே அந்த அறிவித்தலை இரத்துச் செய்த பின்னரே அவர்கள் தங்கள் வளவுகளுக்குத் திரும்பினர். கிணறுகள் தூர்ந்து, மா மரங்கள் அழிந்த வளவுகள். துறைமுக அதிகார சபையின் காணியென எண்ணப்படும் முத்துநகரிலே நெடுங்காலம் வயல் செய்தவர்கள், அந்நிலம் சூரியமின் திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து 2025இல் வீதியிலே அமர்ந்தனர். வரைபடத்தில் வெள்ளையாய் இருக்கும் இடத்திலே அடுப்புப் புகைவதைக் காரியாலயத்திலிருந்து காண முடியாது போலும்.

இவற்றை இப்பொழுது பேசுவதற்குக் காரணம் உண்டு. சீனக்குடாவில் எஞ்சியிருக்கும் 99 எண்ணெய்த் தாங்கிகளையும் பங்கிட்டுப் பயன்படுத்துவதற்கு 2022ஆம் ஆண்டு சனவரியில் ஒப்பந்தமாயிற்று. 24 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு. 61 இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் திகதி, திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கு இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் உடன்பட்டுக் கையெழுத்திட்டன. அதே நாளில் சம்பூரில் சூரியமின் நிலையத்துக்கும் தொடக்கவிழா நடந்தது. இவையெல்லாம் நிறைவேறுமாயின் தொழிலாளரும் பொறியியலாளரும் வணிகரும் வருவர். அவர்களுக்கு வீடு வேண்டும். உப்புவெளி முதல் பாலையூற்று வரை வீட்டு வாடகை ஏறும். முதலில் இடம்பெயர்பவன் புதிதாக வருபவன் அல்லன். இதுவரை குறைந்த வாடகைக்கு இருந்தவன்.

ஆகவே அந்த ஒப்பந்தங்களின் கீழ் எழுதப்படும் காணிக் குத்தகைப் பத்திரங்களிலே கவனிக்கவேண்டியவை சில உள. நிலவாடகை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும்? அதில் ஒரு பங்கு கொழும்புத் திறைசேரிக்குப் போகாமல் திருகோணமலையின் உள்ளூராட்சி மன்றத்துக்கு நேரே வருமா? கந்தளாய்ப் பெருங்குழாயின் விரிவுக்குத் தொழிற்சாலை எவ்வளவு கொடுக்கும்? நகருக்குள்ளும் கரையோரத்திலும் தொழிலாளர் மனைகளுக்கென எந்தக் காணித் துண்டுகள், எத்தனை பேர்ச்சஸ், வரைபடத்தில் இப்பொழுதே குறிக்கப்படும்? அம்மனைகளுக்குச் சில ஆண்டுகள் விற்க இயலாத, ஆனால் வங்கி ஏற்கக்கூடிய ஒரு பத்திரம் வழங்கப்படுமா? குத்தகைக் காலம் தொடங்கி, வேலியும் எழுந்துவிட்ட பின்னர் இவற்றைக் கேட்பவருக்குப் பழைய பத்திரத்தைக் காட்டிவிடுவார்கள். 1957க்கு முன்னர் கடற்படை வேலிக்கு வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்னும் அதே ஊரிலேதான் வாழ்கின்றனர்.